பல்லக்காவின் படிக்கட்டு

மாடிப்படியில் இன்றும் ஒருத்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நிஜ அழுகை இல்லை. கைப்பேசியில் படம் பிடிப்பதற்காக அழுகிற அழுகை.

"எந்திரிம்மா. கீழ ஒரு பெரியவர் ஏற வழியில்லாம நிக்கிறாரு பாரு."

"ஒரே நிமிஷம் ஆன்ட்டி. இப்பத்தான் கண்ணீர் வருது."

பல்லக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்செட் கட்டுவது அவள் தொழில். பல் மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப் பெருக்கப் போனவள், பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்று, இந்த மாடியறையில் தனியாகக் கடை போட்டாள். கட்டின பல் கடிக்கவில்லை என்றால் காசு வாங்காமல் மறுபடி கட்டுவாள். அவளுடைய சொந்தப் பெயர் தம்பிக்குக்கூட மறந்திருக்கும். வீடு அந்தத் தம்பி பேரில்; அவள் அங்கே வாடகைக்காரி.

போன வருடம் ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகி இந்தப் படியில் உட்கார்ந்து ஒரு வாரம் அழுதாள். அதிலிருந்து எங்கெங்கிருந்தோ வந்து இங்கே அழுகிறார்கள். பல் கட்ட வந்த கிழவர்கள் வாசலைத் தாண்டி, கூட்டத்தைப் பார்த்து மலைத்து, திரும்பிப் போனார்கள்.

பிறகு சுற்றுலா அதிகாரி வந்து வாசல் சுவரில் ஒரு பெட்டியைப் பொருத்தினார். தாண்டுகிற ஒவ்வொருவரையும் அது எண்ணும். ஆளுக்கு இவ்வளவு செலவு என்று பெருக்கினால், தொடரால் தெருவுக்கு வந்த வருமானம்.

"என் கிழவங்களையும் எண்ணுமா சார்? ஏற முடியாம திரும்பிப் போறவங்களைக்கூட?"

"பெட்டிக்கு ஆள் தெரியாதும்மா."

"உங்களுக்குத் தெரியுமே!"

அதிகாரி சிரித்தார். "எண் பெரிசா இருந்தா எல்லாருக்கும் நல்லதுதானே."

அந்த எல்லாரில் அவள் இல்லை என்பது நேற்றுத்தான் புரிந்தது. தம்பி அதிகாரியின் வருமான அறிக்கையைக் கொண்டுவந்து நீட்டினான்.

"இவ்வளவு வருமானம் வர்ற இடத்துல நீ பல்லை ராவிக்கிட்டு இருக்கே. மாடியை நினைவுப்பொருள் கடைக்குக் கேக்குறாங்க. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுக்கா."

"அந்தக் கணக்குல பாதி என் கிழவங்கடா!"

"அதை யாரு பார்க்கப்போறா?"

இன்று அதிகாரி பத்திரிகைக்காரர்களோடு வந்து, படியில் நின்று வருமானத்தை அறிவிக்கப்போகிறார். தம்பி விடிந்ததிலிருந்து படியைத் தேய்த்துக் கழுவியிருந்தான்.

பல்லக்கா உள்ளே போனாள். கிண்ணம், பல்லச்செடுக்கும் மாவு, வாய்க்குள் வைக்கிற சின்னத் தட்டு, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு இறங்கினாள். பெரியவரின் கையைப் பிடித்து இரண்டே படி ஏற்றினாள்.

"மேல வரவேணாம்ணே. இங்கயே உக்காருங்க."

நாயகி அழுத அதே படியில் அவரை உட்காரவைத்து, மார்பில் துண்டைப் போட்டு, மாவைப் பசையாகக் குழைத்துத் தட்டில் நிரப்பி வாய்க்குள் அழுத்தினாள். எச்சில் தாடையில் வழிந்தது. பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவள் "ஐயே!" என்று துள்ளி எழுந்து ஓடினாள்.

வாசலிலிருந்து தம்பி பாய்ந்து வந்தான். "அக்கா! அவங்க வந்துட்டாங்க. மானத்தை வாங்காதே, அவரை எழுப்பு!"

"பசை இறுகணும். அசைஞ்சா அச்சு போச்சு."

"பெரியவரே, நீங்களாவது எந்திரிங்க!"

வாய் நிறையப் பசையோடு பெரியவர் "ம்ஹூம்" என்றார்.

"மாடியைத்தானேடா காலி பண்ணச் சொன்னே? படியைச் சொல்லலையே," என்றாள் பல்லக்கா, தட்டிலிருந்து கையை எடுக்காமல். "வெளிய இன்னும் ரெண்டு பேரு காத்திருப்பாங்க. வரச்சொல்லு."

அதிகாரியும் பத்திரிகைக்காரர்களும் உள்ளே வந்தார்கள். பெரியவரின் வாயைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வெளியே போனார்கள். சுவரிலிருந்த பெட்டி அவர்களையும் வருமானத்தில் சேர்த்துக்கொண்டது.