எறும்பு கியர்

அந்த ஜீப்பில் இரண்டு கியர்க் கம்பிகள் இருந்தன. ஒன்று எல்லா வண்டியிலும் இருப்பது. அதன் பக்கத்தில் குட்டையாக இன்னொன்று. அதைத் தள்ளினால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் வண்டி நடக்கிற ஆளைவிட மெதுவாக ஊரும். அதற்கு எங்கள் டிரைவர் வைத்திருந்த பெயர் எறும்பு கியர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூர்ப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் நிலையத்துக்கு அந்த ஒரே வண்டிதான். தார்ப்பாய்க் கூரை, இரும்புத் தரை, பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. டிரைவர் பேகம்பூர்க்காரர், ஐம்பது தாண்டியவர். எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. எல்லோருக்கும் அவர் பாய்தான்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். மாதத்தில் ஒரு புதன், ஓடைக்கு அந்தப் பக்கம் மலையடியில் முப்பது வீடு உள்ள ஒரு குடியிருப்புக்குப் போக வேண்டும். ஓடை மணலைத் தாண்டினால் மூன்று கிலோமீட்டர் பாறைத்தடம்.

முதல் தடவை போனபோது பாய் தடத்தின் நடுவில் இரண்டு கம்பிகளையும் மாற்றினார். வண்டி உறுமிக்கொண்டு ஊர ஆரம்பித்தது. அவர் கதவைத் திறந்து, ஓடும் வண்டியிலிருந்து சாவகாசமாக இறங்கிவிட்டார். நான் மடியில் ஐஸ் பெட்டியுடன் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

"பாய், எங்க போறீங்க?" என்று கத்தினேன்.

"கல்லப் பொறக்கணும்மா. நீ பாட்டுக்கு உக்காரு. சக்கரம் தடத்த விட்டு ஏறாது."

அவர் முன்னால் நடந்து கற்களை உதைத்துத் தள்ளிக்கொண்டே போனார். வண்டி அவர் பின்னால் போனது. பட்டப்பகல், சுற்றிலும் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. என் பக்கத்தில் ஸ்டியரிங் தானாக ஒரு விரற்கடை வலப்புறம் திரும்பும், நிற்கும், பிறகு இடப்புறம் வரும். யாரோ பிடித்திருப்பதுபோலவே இருக்கும். எட்டு வருடம் அந்தத் தடத்தில் போயிருக்கிறேன். அந்த ஸ்டியரிங்கை மட்டும் என்னால் நேராகப் பார்க்க முடிந்ததில்லை. ஓடைப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் காலத்தில் திண்டுக்கல்லில் ஜீப்பு இல்லாத அரசு அலுவலகம் கிடையாது. அகரம், தாடிக்கொம்பு பக்கம் வயல் வரப்பில்கூட ஒரு ஜீப்பு நிற்கும். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எங்கள் வண்டியையும் இனி ஓட்டத் தகுதியில்லை, கண்டம் என்று எழுதி, நிலையத்துக்குப் பின்னால் புளியமரத்தடியில் நிறுத்தினார்கள். பாய் ஓய்வு பெற்றதும் அந்த வருடம்தான்.

புது வண்டி வந்தது. குளிர்சாதனம், மெத்தை இருக்கை. பார்க்க உயரமாகத்தான் இருந்தது. ஆனால் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். முதல் புதன்கிழமையே ஓடை மணலில் அச்சு வரை புதைந்தது. டிராக்டர் வைத்து இழுத்தோம். புது டிரைவர், இளைஞர், வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இனிமே இந்தக் கரையோட சரிக்கா. அவங்கள இங்க வரச் சொல்லுங்க" என்றார்.

பழைய ஜீப்பை ஏலத்தில் எடுத்தவர் மலையடியில் மாந்தோப்பு வைத்திருந்தார். அதை ஓட்ட ஆள் கிடைக்காமல் பாயையே கூப்பிட்டுக்கொண்டார். அதனால் ஒரு வழி பிறந்தது. என் புதன்கிழமைகளில் பாய் மாங்காய்ப் பெட்டிகளோடு தாய்மார்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஓடைக்கு வருவார். நான் இந்தக் கரையில் புது வண்டியோடு காத்திருப்பேன். இப்படியே ஒன்றரை வருடம் போனது.

அன்றைக்கு வைகாசித் தூறல். பதினொரு மணி இருக்கும். எதிர்க்கரையில் எறும்பு கியரின் அந்த இழுவைச் சத்தம் கேட்டது. நான் ஊசிகளை எடுத்து வைத்தேன். புதர் விலகி ஜீப்பின் மூக்கு தெரிந்தது. வழக்கமாக அதற்கு முன்னால் பாய் வருவார். வரவில்லை.

"சீட்டுலயும் ஆளக் காணோமேக்கா" என்றார் புது டிரைவர்.

வண்டி சரிவில் இறங்கி மணலில் நுழைந்தது. எந்த அவசரமும் இல்லாமல் ஓடையைக் கடந்தது. கண்ணாடிக்குப் பின்னால் காலியான இருக்கை, லேசாக அசையும் ஸ்டியரிங். பின்னால் தார்ப்பாய்க்குள் பெண்கள் பேசிச் சிரிக்கிற சத்தம். எங்கள் கரையில் ஏறி எங்களை நோக்கியே வந்தது. புது டிரைவர் ஓடி ஏறிச் சாவியைத் திருப்பிப் பார்த்தார், நிற்கவில்லை. டீசல் வண்டியை நிறுத்த ஒரு கறுப்புக் குமிழை இழுக்க வேண்டும். பாய் தினமும் செய்வதைப் பார்த்திருந்ததால் எனக்குத் தெரியும். கையை நீட்டி இழுத்தேன். வண்டி நின்றது.

பின்தட்டியைத் திறந்தேன். நான்கு பெண்கள், ஐந்து பிள்ளைகள். தூறலுக்காகத் தார்ப்பாயை நாலு பக்கமும் இறக்கிக் கட்டியிருந்தார்கள். முன்சீட்டுக்குப் பின்னால் மாங்காய்ப் பெட்டிகள் கூரை வரை இருந்ததால் முன்புறம் அவர்களுக்குத் தெரியாது.

"பாய் எங்க?" என்று கேட்டேன்.

"முன்னாலதான போறாரு" என்றாள் ஒருத்தி. "கல்லப் பொறக்க எறங்குனாரு."

"முன்னால ஆளே இல்ல."

மற்றவர்கள் தார்ப்பாயை விலக்கி எட்டிப் பார்த்தார்கள். பெட்டிகளின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், கைப்பிள்ளையோடு இருந்தவள், மட்டும் மறுத்துத் தலையாட்டினாள். "இந்தச் சந்து வழியா பாத்துக்கிட்டுத்தான் வந்தேன் நர்சம்மா. வெள்ளச் சட்ட. முன்னாலயே நடந்து போனாரு. ஓடையில எறங்குற வரைக்கும் பாத்தேன்."

நானும் புது டிரைவரும் ஓடையைக் கடந்து தடத்தில் நடந்தோம். இரண்டு திருப்பம் தாண்டி, ஒரு கிலோமீட்டர் இருக்கும், பாய் தடத்தோரம் ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புரட்டிப் போட்ட ஒரு கல், அதன் ஈரப்பக்கம் மேலே தெரிந்தது. வலது கை நெஞ்சில் இருந்தது. நாடி பார்த்தேன். இல்லை. நெஞ்சை அழுத்திப் பார்த்தேன், வெகு நேரம். புது டிரைவர்தான் என் தோளைத் தொட்டு, "விடுங்கக்கா" என்றார்.

அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு இருபது நிமிடம் ஆகும். இருபது நிமிடம் அந்த வண்டி ஒன்பது உயிரோடு தானாக வந்திருக்கிறது.

தோப்புக்காரரும் ஆட்களும் வந்தார்கள். தடத்தில் வருடக்கணக்காகச் சக்கரம் ஓடிய பள்ளம் இருக்கிறது, அதுதான் வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தது என்றார் தோப்புக்காரர். சரிதான். ஆனால் இரண்டாவது திருப்பத்தில் வெறும் பாறை, பள்ளமே கிடையாது. திரும்பாமல் நேரே போனால் இருபது அடி சரிவு. அதைச் சொன்னேன். அவர் அந்தப் பாறையில் காலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு நடந்தார்.

பாயை ஜீப்பில் ஏற்ற ஒருவரும் சம்மதிக்கவில்லை. வேட்டியில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். மறுநாள் பேகம்பூரில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"வண்டியில இருந்த புள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகலையேம்மா?"

"ஒரு கீறல்கூட இல்லைங்கம்மா."

"அதுக்குத்தான் கூட வந்திருப்பாரு" என்றார். யாரும் அவரிடம் அந்தப் பெண் பார்த்ததைச் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜீப்பு ஓடைக்கரையிலேயே நான்கு மாதம் நின்றது. தோப்புக்காரர் ஆள் தேடினார். ஓட்டத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது, இளவயதுக்காரர்களுக்கு இரண்டாவது கம்பி எதற்கென்றே தெரியவில்லை. கடைசியில் பழைய இரும்புக்காரர்கள் வந்து அந்த இடத்திலேயே வெட்டி எடுத்துப் போனார்கள். குடியிருப்பிலிருந்து தாய்மார்கள் சில மாதம் நடந்து வந்தார்கள். பிறகு வருவது குறைந்தது. ஒவ்வொரு குடும்பமாகக் கீழே இறங்கி அகரத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் போய்விட்டார்கள். மூன்று வருடத்தில் தடத்தைச் சீமைக்கருவேலம் மூடியது.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் அந்தக் கைப்பிள்ளைக்காரியைப் பார்த்தேன். பிள்ளை பள்ளிக்கூடச் சீருடையில் நின்றான். நலம் விசாரித்துவிட்டு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"அன்னைக்கு நீ பாத்தது நெசந்தானா?"

அவள் கோபப்படவில்லை. "நான் எதுக்கும்மா பொய் சொல்லப் போறேன்? ஒண்ணு மட்டும் அன்னைக்குச் சொல்லல. எல்லாரும் பயப்படுவாங்கன்னு விட்டுட்டேன்."

"என்னது?"

"அந்தப் பாறைத் திருப்பத்துல சித்த நேரம் நின்னாரு. கைய நீட்டி, இப்படித் திரும்புன்னு காட்டுனாரு. வண்டி திரும்புச்சு."

அவள் கையை நீட்டி, விரல்களை மெதுவாக மடக்கிக் காட்டினாள். அதற்குள் அவளுடைய பேருந்து வந்துவிட்டது. மகனை முன்னால் ஏற்றிவிட்டு, "வாரேன் நர்சம்மா" என்று சொல்லிப் போனாள்.