ஒரு படி பழைய சாமை

ஊர் கூடியிருந்த இடத்தில் நான் பொய் சொன்னேன். என் கொழுந்தனின் மனைவி சத்யா குற்றவாளியாக நின்றது அந்தப் பொய்யால்தான். வாய் தவறி வந்த பொய் அல்ல... தெரிந்தே, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்!

மூன்று வருடங்களாக இதை யாரிடமும் சொல்லவில்லை, என் கணவரிடம்கூட. உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உங்களுக்கு என்னைத் தெரியாது என்பதுதான். இதுவும் கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

நாங்கள் இருப்பது சவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். சத்யாவும் நானும் ஒரே கொல்லையில் களை எடுத்தவர்கள், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். அவளுக்கும் ஓட்டு வீடு, எனக்கும் ஓட்டு வீடு. பொறாமைப்பட எங்களிடம் என்ன இருந்தது, சொல்லுங்கள்!

பிறகு ஆளுக்கொரு போன் வந்தது. பலாப்பழம் அரிவதை, புளி உலுக்குவதை எல்லாம் அவள் வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்தாள். நானும் போட்டேன். ஏன்? அவள் போட்டாள், அதனால்தான்... வேறு காரணம் இருந்ததாக நினைவில்லை.

அவளுடைய பலாப்பழத்தை ஐம்பதாயிரம் பேர் பார்த்தார்கள். என் பலாப்பழத்துக்குப் பதினேழு. அதிலும் ஏழெட்டுத் தடவை பார்த்தது நானே! இரண்டும் ஒரே மரத்துப் பழங்கள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உலை கொதிக்கும்போதும் போன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் போன். அவளுக்கு எத்தனை, எனக்கு எத்தனை... இதே கணக்கு! பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் எரிந்து விழுந்தேன். அவளுடைய வீடியோவின் கீழே ஒருவர், “உங்க சிரிப்பைப் பார்த்தாலே வயிறு நிறைஞ்சிடுது அக்கா” என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று நான் சிரித்துப் பார்த்தேன். அழுகைதான் வந்தது.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. புதிதாக அறுத்த சாமையை அம்மனுக்குப் பொங்கிப் படைக்கும் வரை எந்த வீட்டிலும் உலையில் போடக்கூடாது. அறுப்பு முடிந்து, படையலுக்கு இன்னும் நாள் இருந்த ஒரு காலையில் சத்யா என் வீட்டுக்கு வந்தாள்.

“அக்கா, வூட்ல சாமை தீந்து பூட்ச்சி. போன வருசத்துது ஒரு படி இருக்குதா? வீடியோவுக்கு வோணும்.”

அளந்து கொடுத்தேன்.

“புதுச் சாமைச் சோறுன்னு சொல்லிக்கிறேன்க்கா. போன்ல பாக்கறவங்களுக்கு இன்னா தெரியும், புதுசு எது பழசு எதுன்னு!” என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

களத்திலிருந்து ஒரு கைப்பிடிக் கதிரை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, அவள் அந்தச் சோற்றை வடித்தாள். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். இரண்டு லட்சம்!

அந்த வாரமே பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. களத்தில் கிடந்த கதிரெல்லாம் நனைந்து முளை விட்டது. எங்கே தப்பு நடந்தது என்று ஊரே பேச ஆரம்பித்தது. நான் போனை எடுத்துக்கொண்டு, ஊருக்குப் பஞ்சாயத்துச் சொல்லும் ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியிடம், “இதப் பாருங்க அத்தே, நம்ம சத்யா எவ்ளோ நல்லா செஞ்சி கீறா!” என்று காட்டினேன். கவனித்தீர்களா? குறை ஒன்றும் சொல்லவில்லை... பாராட்டினேன்.

மறுநாள் கோயில் முன்னால் ஊர் கூடியது. சத்யாவுக்குப் பயமே இல்லை. “அது பழைய சாமைங்க. அக்காதான் குடுத்துச்சி, கேட்டுப் பாருங்க” என்று என் பக்கம் கையைக் காட்டினாள். நான் இருக்கிறேன் என்ற தைரியம் அவளுக்கு.

“இன்னாம்மா, நீ குடுத்தியா?” என்றார் ஊர்க்கவுண்டர்.

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்! அந்த நேரத்தில் என் கண்ணுக்குள் ஓடியது என்ன தெரியுமா? அந்த இரண்டு லட்சம்.

“நான் எதுவும் குடுக்கலிங்க.”

“அக்கா...” என்றாள் சத்யா.

அந்த வருடப் படையலுக்கு அவளைக் கோயில் பக்கம் வரவிடவில்லை. என் கொழுந்தன் அவளுடைய போனை உரலில் அடித்து நொறுக்கினான். விதைப்புக்கு அவளை இப்போதும் யாரும் கூப்பிடுவதில்லை. யார் கொல்லையில் பூச்சி விழுந்தாலும் ஒரு பார்வை அவள் வீட்டுப் பக்கம் போகிறது. அவள் வெளியே வருவதையே குறைத்துக்கொண்டாள். இளைத்துப்போனாள்.

நானாவது நிம்மதியாக இருக்கிறேனா? இல்லை! இப்போது வாணியம்பாடியில் யாரோ ஒருத்தியின் டைல்ஸ் போட்ட சமையலறையைப் பார்த்துப் பார்த்துப் புழுங்குகிறேன். சத்யாவைக் கெடுத்த பிறகும் இந்த நோய் தீரவில்லை.

போன மாதம், புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது சத்யா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எதிர்பார்க்கவில்லை.

“அன்னிக்கி அத்தினி ஜனத்தப் பாத்து நீ பயந்துட்ட. எனக்குத் தெரியும்க்கா” என்றாள்.

மூன்று வருடமாக எனக்காக அவளே ஒரு காரணம் தேடி வைத்திருக்கிறாள்... நான் அடுத்த புளியை எடுத்துக் கொட்டையை நீக்கினேன்.

பிறகு கேட்டாள்: “என்னோட வீடியோ உன் போன்ல வருமாக்கா? ஒரு தபா பாக்கணும். எப்பிடி சிரிச்சேன்னே மறந்து பூட்ச்சி.”

“அதெல்லாம் எப்பவோ அழிச்சிட்டாங்க சத்யா” என்றேன்.

“அப்பிடியா...” என்றாள். புளி தீரும் வரை கூடவே உட்கார்ந்து கொட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

அழிக்கவில்லை. அந்த வீடியோ அப்படியேதான் இருக்கிறது. அவள் போனதும் எடுத்துப் பார்த்தேன். “இந்த அக்கா இப்போ எங்கே இருக்காங்க?” என்று யாரோ புதிதாகக் கேட்டிருந்தார்கள். பதில் எழுதத் தொடங்கி, இரண்டு வார்த்தையோடு நிறுத்திவிட்டேன்.

பிறகு, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. இத்தனைக்குப் பிறகும்... எனக்கு வயிறு எரிந்தது.