கார்த்திகையன்று விளக்கைக் குளிர வைத்தவர்

நீங்களே சொல்லுங்கள், விளக்கை அணைக்கச் சொன்ன மனிதரின் சாவுச் செய்தி, நான் புளி போட்டு விளக்குத் துலக்கிக்கொண்டிருக்கிற நேரத்தில்தான் வரவேண்டுமா? கையெல்லாம் புளி. போன் அடிக்கிறது. எங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலர்தான் பேசினார். "எல்லம்மாக்கா, தணிகாசலம் சார் காலைல தவறிட்டாரு. நெஞ்சு வலின்னு உக்காந்தவரு எழுந்திரிக்கல." அம்மா தாயே என்றுதான் எனக்கு வாயில் வந்தது. குத்துவிளக்கு கையிலிருந்து நழுவித் துணி துவைக்கிற கல்லில் விழுந்தது. ஒரு முகம் நசுங்கிவிட்டது. அப்படியேதான் வைத்திருக்கிறேன்.

சாரைத் தெரியாதவர்களும் இந்த நினைவு மலரைப் படிப்பார்கள் என்று சொன்னார்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். தணிகாசலம் சார் ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரர். எங்கள் பக்கத்தில் பேரிடர் வேலை பார்த்த துணை வட்டாட்சியர். வெள்ளம், புயல், தீ என்றால் முதலில் வருகிறவர். நான் கிராம உதவியாளர். எட்டாவது வரை படித்தவள். எங்கள் ஊர் பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், தண்டவாளத்தை ஒட்டி மேற்கே இருக்கிறது. எண்ணெய் டேங்கர் ரயில் வண்டிகள் எங்கள் கொல்லைப்புறத்தில்தான் போகும். டீசல் போகும், பெட்ரோல் போகும், சில நாள் கச்சா எண்ணெயும் போகும். வண்டி போனால் எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் பேசும். நாங்கள் அதைக் காதில் வாங்குவதே இல்லை.

சார் வந்து சேர்ந்த புதிதில் ஓர் ஒத்திகை நடந்தது. டேங்கர் கவிழ்ந்து கச்சா எண்ணெய் கொட்டிவிட்டதுபோல ஒத்திகை. கருப்புத் தண்ணீரை டிரம்மில் கொண்டுவந்து பள்ளத்தில் ஊற்றியிருந்தார்கள். தீயணைப்பு வண்டி வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது, பெரிய அதிகாரிகள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். நல்ல காரியம் தொடங்குகிறார்களே என்று நான் பூசணிக்காய் வாங்கி, தட்டில் கற்பூரம் வைத்து, அந்தக் கருப்புத் தண்ணீர் ஓரத்திலேயே நின்று ஏற்றிவிட்டேன்.

சார் ஓடி வந்தார்.

"யக்கா! இன்னா பண்ணினு கீறீங்க?"

"சூடம் ஏத்தாம எப்டி சார் தொடங்கறது?"

"எண்ணெ கொட்டிக் கெடக்குதுன்னு வச்சிக்கினுதானே ஒத்திகையே! ஊர மொத ஆளா கொளுத்திட்டீங்களே. ரிப்போர்ட்டுல எழுதிரவா, தீ வச்சது கிராம உதவியாளர்னு?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. தட்டை முந்தானையில் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவர் வண்டி என் வாசலில் நிற்கிறது. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்: "நேத்து சிரிச்சது தப்பு யக்கா. ராத்திரி யோசிச்சேன். பேரிடர் பிளான்ல ஃபோன் நம்பர் கீது, ஆஸ்பத்திரி பேரு கீது. சைரன் அடிச்சா இந்த ஊரு ஜனம் இன்னா பண்ணும்னு எங்கியும் இல்ல. இன்னா பண்ணும்?"

"கோயிலுக்கு ஓடும் சார். அம்மனுக்கு விளக்கேத்தும், சூடம் ஏத்தும்."

"அத்தான். ஜனம் கூடற எடம் கோயில் மைதானம்னு பிளான்லயும் எழுதி வச்சிக்கிறாங்க. எண்ணெ கண்ணுக்குத் தெரியும். அதுலேந்து கெளம்புற ஆவி தெரியாது. தரையோட தரையா ஊந்து வரும். ஒரு திரி எரிஞ்சா போதும்."

அன்று முதல் பத்து நாள் நாங்கள் இரண்டு பேரும் வீடு வீடாக நடந்தோம். எந்த வீட்டில் படுக்கையோடு கிடக்கிறவர், எந்த வீட்டில் விறகடுப்பு, எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி, எல்லாம் எழுதினார். சாமி மாடம் எங்கே இருக்கிறது என்பதையும் எழுதினார். சாமி கும்பிடாத மனிதர் அவர். விபூதி கொடுத்தால் வாங்கி, காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார், நெற்றியில் வைக்கமாட்டார். ஆனாலும் எந்த வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கேற்றுகிறார்கள் என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்.

தண்ணீர்த் தொட்டி மேலே ஒரு கம்பு நட்டு, அதில் என் மஞ்சள் சேலை முந்தானையைக் கட்டச் சொன்னார். துணி தெற்கே கோயில் பக்கம் பறந்தால் எல்லாரும் வடக்கே பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். பாக்கியம் என் பக்கத்து வீட்டுக்காரி, வாய் கொஞ்சம் நீளம். "இன்னா எல்லம்மா, உன் முந்தானையப் பாத்துதான் இனிமே ஊரே நடக்கணுமா?" என்று கேட்டாள். சார் அவளிடம், "நீங்க வேணா உங்க முந்தானையக் குடுங்கம்மா, ரெண்டா கட்டலாம்" என்றார். பாக்கியம் அதற்கப்புறம் தொட்டியைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்த கார்த்திகை தீபம். பொழுது சாய்கிற நேரம். தெருவெல்லாம் அகல் விளக்கு வரிசை. என் வாசலில் கோலத்தைச் சுற்றி வைத்து முடித்தேன். கிழக்கே இரும்பு கிழிகிறதுபோல ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரத்தில் போன்.

"யக்கா, ஊருக்குப் பக்கத்துல டேங்கர் ரெண்டு தண்டவாளத்த விட்டு எறங்கிடுச்சாம். கொட்டினு கீதாம். ரயில்வேக்காரங்க சொன்னாங்க. தீயணைப்புக்குச் சொல்லிட்டேன், நானும் வந்துக்கினு கீறேன். துணி எந்தப் பக்கம் பறக்குது?"

தெருவுக்கு ஓடிப் பார்த்தேன். வாடைக்காற்று. "கோயில் பக்கம் சார்."

"அப்போ எல்லாரும் பள்ளிக்கூடம். சுவிட்ச் ஒண்ணையும் தொடக்கூடாது. மொதல்ல விளக்க அணைங்க."

"கார்த்திகை சார் இன்னிக்கு."

"தெரியும் யக்கா."

"அணைன்னு சொல்லாதீங்க சார். குளிர வைன்னு சொல்லுங்க."

"சரி. குளிர வைங்க. சீக்கிரம்."

என் வாசல் விளக்கை முதலில் குளிர வைத்தேன். ஊதக்கூடாது என்பார்கள். சாமந்தி இதழை எடுத்து ஒவ்வொரு திரியாக அமுக்கினேன். அப்புறம் தெருவில் கத்திக்கொண்டே போனேன். பாக்கியம் வாசலில் கையை விரித்து மறித்துக்கொண்டாள்.

"கார்த்திகை அன்னிக்கு விளக்க அணைக்கச் சொல்றியே, உனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஊருக்கே சாமி சொல்றவ நீ! அந்தப் பாவம் யாருக்குடி?"

நான்தானே அவளுக்கு விரதமெல்லாம் சொல்லிக் கொடுத்தவள்? போனை அவள் காதிலேயே வைத்தேன். சார் கத்தினது எனக்கும் கேட்டது. "பாவமெல்லாம் என் தலைல போடுங்கம்மா! தணிகாசலம் தலைலன்னு சொல்லிக்கினே அமுக்குங்க!"

நீங்கள் நம்பமாட்டீர்கள். பாக்கியம் அப்படியே செய்தாள். ஒவ்வொரு அகலாக, "தணிகாசலம் தலைல, தணிகாசலம் தலைல" என்று சொல்லிக்கொண்டே அமுக்கினாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. முழுத் தெருவும் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லி இருட்டானது.

கடைசியில் கோயில். பூசாரி கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். அம்மன் விளக்கு அணைந்ததே இல்லை என்கிறார். சார் அதற்குள் வந்துவிட்டார். மோட்டார் சைக்கிளைப் பள்ளிக்கூடத்திலேயே நிறுத்திவிட்டு, போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. காற்றில் எண்ணெய் நெடி வந்துவிட்டது, தொண்டையைப் பிடித்தது.

"பூசாரி, பாவம் எம்மேல. உங்க அம்மன் கேட்டா என் பேரைச் சொல்லுங்க." என்னைப் பார்த்தார். "யக்கா, உங்க கையால."

நான் உள்ளே போய் இதழை வைத்தேன்.

அன்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. படுத்தவர்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனோம். சார் பள்ளிக்கூடப் படியில் நின்று, தன் நோட்டைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாரும் "கீறேன் சார்" என்றார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்து நுரை அடித்தார்கள். எண்ணெய் வாய்க்கால் வழியாகக் கோயில் பின்புறம் வரைக்கும் வந்து நின்றிருந்ததை விடிந்த பிறகுதான் பார்த்தோம். பாக்கியம் அதைப் பார்த்துவிட்டுப் போய் இட்லி கொண்டுவந்து கொடுத்தாள், சாருக்கும் சேர்த்து.

மேலிடத்திலிருந்து உத்தரவு வரும் முன்னே ஊரை ஏன் கிளப்பினீர்கள் என்று அவரிடம் எழுதிக் கேட்டார்கள். "காத்து என் கையெழுத்துக்கு நிக்காதுன்னு எழுதிக் குடுத்துட்டேன் யக்கா" என்று சிரித்தார். அடுத்த வருஷம் மாற்றலாகிப் போனார். போன பிறகும் ஒவ்வொரு கார்த்திகைக்கும் போன் வரும். "துணி கிழிஞ்சிருந்துதா, மாத்திட்டீங்களா? அப்பால விளக்கேத்துங்க."

இப்போது நான் மறைக்காமல் சொல்லவேண்டும். செய்தி வந்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு, ஐயோ, அந்தப் பாவம் அவர் தலையில்தான் விழுந்துவிட்டதா என்பதுதான். ஊர் முழுக்கச் சேர்ந்து போட்டோமே. ஊத்துக்கோட்டை வழியாக பஸ் மாறி மாறிப் போகும்போது வழியெல்லாம் இதே நினைப்பு. அவர் வீட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேவிட்டேன். அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "இன்னாக்கா நீங்க. உங்க ஊருக்கு வர்றதுக்கு முன்னாடிலேந்தே அவருக்கு நெஞ்சுல கோளாறு. மாத்திரையப் பையில வச்சிக்கினுதான் சுத்துவாரு. அந்தக் கார்த்திகையப் பத்திச் சொல்லும்போதுதான் அவர் மொகத்தப் பாக்கணும். ஒரு ஊரே என் பேர மந்திரமாட்டம் சொல்லுச்சுடின்னு."

சார், போய் வாருங்கள். தொட்டி மேலே துணியை நேற்று மாற்றிவிட்டேன், இந்த முறை பாக்கியத்தின் சேலை. அவளே கொண்டுவந்து கொடுத்தாள். காற்று எந்தப் பக்கம் என்று தினமும் பார்த்துவிட்டுத்தான் விளக்கேற்றுகிறேன்.

அட, இதை எழுதும்போதுதான் ஒன்று உறைக்கிறது. அந்தக் கார்த்திகை முடிந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்துகொண்டிருக்கிறேன், அந்தப் பாவம் கரையட்டும் என்று. முதல் வாரம் பூசாரி நட்சத்திரம் கேட்டார். சாரிடம் கேட்டால் சிரிப்பாரே என்று, வாய்க்கு வந்தபடி ரேவதி என்றேன். இத்தனை வருஷமும் தணிகாசலம், ரேவதி நட்சத்திரம் என்றுதான் அம்மன் காதில் விழுந்திருக்கிறது. ரேவதி என்னுடைய நட்சத்திரம்.