ஏலம் இல்லாத நாளில் போய்ப் பாருங்கள்

போன செவ்வாய்க்கிழமை தேவாரத்திலிருந்து போடி போகும் பஸ்சில் ஒரு பெண்மணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியில் பை நிறையச் சாத்துக்குடி. மாமனாரைப் பார்க்கப் போகிறாராம். வாதம் அடித்துப் படுத்த மனிதரை ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்து ஆறு மாதமாகிறதாம்.

"நல்லாப் பாத்துக்கிறாங்களா?" என்று கேட்டு வைத்தேன். பஸ்சில் வேறென்ன கேட்பது?

"அதை ஏன்க்கா கேக்கிறீங்க! வீட்டுல இருக்கையில ஒரு நாளைக்கு ஒம்பது சண்டை. சோத்துல உப்பு இல்லம்பாரு, தண்ணி சூடா இல்லம்பாரு... இப்ப வாயே தொறக்கிறதில்ல. சொன்ன பேச்சைக் கேட்டுக்கிட்டு, பச்சப்புள்ள கணக்கா இருக்காரு. என்னதேன் மருந்து குடுக்கிறாங்களோ!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழியில் இறங்க வேண்டிய நான் இறங்காமல் போடி வரை அவரோடு போனேன். பஸ்சில் அவரிடம் சொன்னதைத்தான் இன்று உங்களிடமும் சொல்லப் போகிறேன். படிக்கப் பயமாக இருக்கும். இருக்கட்டும்.

எழுபதுகளின் கடைசி. போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம். வீட்டுக்காரர் தோட்டத்தைப் பார்ப்பார். நான் கைக்குழந்தையைப் பார்ப்பேன். என் பெரியப்பா கீழே போடியில் ஏலக்காய்த் தரகர். அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தது, கட்டிக் கொடுத்தது எல்லாம் அவர்தான். பெரியம்மா முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை.

பெரியப்பா கோபக்காரர். உங்கள் வீட்டிலும் ஒரு கோபக்காரர் இருப்பார், அவரை வைத்து இவரை எடை போடாதீர்கள்! "உன் மூஞ்சில எம் பீச்சாங்கைய வைக்க" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் மாமனாரிடமே காப்பி ஆறிப் போச்சென்று சண்டை போட்டார். கல்யாணம் எப்படி நடந்ததென்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அவருக்கு வலது கையும் காலும் ஒரே நாளில் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் தப்பித்தது. மலைக்குக் கொண்டு வரலாமென்றால், எங்கள் வீட்டைச் சுற்றி டாக்டர் கிடையாது. மழைக்காலத்தில் ஜீப்பே ஏறாது. யோசித்து யோசித்து, கடைசியில் போடியிலேயே ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம்.

பெயர் வேண்டாம். இப்போது அது இல்லை. அந்த இடத்தில் டயர் குடோன் இருக்கிறது. முன்பக்கம் பிரசவமும் காய்ச்சலும் பார்ப்பார்கள். பின்பக்கம் ஒரு நீள அறையில் ஐந்து கட்டில்கள் — வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்களுக்கு. டாக்டர் மதுரையிலிருந்து வாரம் ஒரு முறை வருவார். மற்றபடி எல்லாம் ஒரு கம்பவுண்டர் பொறுப்பு. அவ்வளவு மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. "வாங்கக்கா, பாப்பாவுக்குச் சளி விட்டுருச்சா?" என்று வாசலுக்கே வந்து கேட்பார்.

நாங்கள் போவது ஏல நாளில், போடியில் ஏலக்காயை ஏலம் விடும் நாளில். மலையில் இருப்பவர்களுக்கு அதுதான் பழக்கம். காயை ஜீப்பில் லோடு ஏற்றிக்கொண்டு இறங்கினால், ஏலம் முடிவதற்குள் துணி எடுக்க, பல் பிடுங்க, கல்யாணப் பத்திரிகை கொடுக்க, நோயாளியைப் பார்க்க என்று எல்லாச் சோலியையும் அன்றைக்கே முடித்துவிடுவோம். மற்ற நாளில் யார் இறங்குவது? எங்களுக்கு மட்டுமா அந்தப் பழக்கம் தெரியும்? கம்பவுண்டருக்கும் தெரியும்.

ஏல நாளில் பெரியப்பா பளபளவென்று இருப்பார். சவரம் செய்து, தலை வாரி, நெற்றியில் திருநீறு. கழுத்தெல்லாம் பவுடர். கட்டிலில் மடிப்புக் கலையாத விரிப்பு.

"எப்படி இருக்கீங்க பெரியப்பா?"

"நல்லா இருக்கேன் ஆத்தா."

"சாப்பாடெல்லாம் ஒத்துக்கிடுதா?"

"நல்லாப் பாத்துக்கிறாக ஆத்தா."

ஒரு வசவு இல்லை. பீச்சாங்கை இல்லை. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சந்தோஷப்பட்டோம்! பெரியப்பா அடங்கிவிட்டாரென்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் கடுதாசி போட்டேன். "இந்தக் கம்பவுண்டருக்கு ஒரு கோயிலே கட்டலாம்" என்றார் வீட்டுக்காரர். வாங்கிப் போன பிஸ்கட், பழம் எல்லாவற்றையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வருவோம்.

சாக்கின் மேலே நல்ல பச்சைக் காயைப் பரப்பி, அடியில் சொத்தையைத் தள்ளும் வித்தை எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்க்காமல் ஒருவரும் விலை கேட்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரி நான், மூன்று மாதம் பெரியப்பாவின் போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு ராவுத்தர். கம்பத்தில் அவர் மகனுக்கு ஜவுளிக்கடை. ஒரு ஏல நாளில் கம்பவுண்டர் என் வீட்டுக்காரரை வழியனுப்ப வாசல் வரை போயிருந்தார். ராவுத்தர் கண்ணை மூடித் தூங்குவது போலத்தான் படுத்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"தாயி... ஏலம் இல்லாத நாளாப் பாத்து ஒருக்கா வா."

"ஏன் ராவுத்தரே?"

வராந்தாவில் செருப்புச் சத்தம். உடனே ராவுத்தர் குறட்டை விட ஆரம்பித்தார். அது பொய்க் குறட்டை. திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்த கண் வாங்காமல்.

மலை ஏறும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வயசானவுக எதையாவது சொல்லுவாக, விடு" என்றார். விட முடிந்தால்தானே? நான்கு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, ஜீப்பு ஓட்டும் செல்லையா அண்ணனோடு கீழே இறங்கிவிட்டேன். வீட்டில் சொன்னது, மருந்து வாங்கப் போகிறேனென்று.

காலை பதினோரு மணி இருக்கும். முன்னறையில் இருந்த பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"இன்னிக்கு... பாக்க முடியாதுக்கா."

அதற்குள் கம்பவுண்டர் வந்துவிட்டார். அதே சிரிப்பு. ஆனால் வாசலை அடைத்தாற்போல் நின்றார்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம? ஒரு அஞ்சு நிமிசம் உக்காருங்க. ஐயாவைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்காங்க."

காது கொடுத்துக் கேட்டேன். பின்பக்கம் தண்ணீர்ச் சத்தமே இல்லை. அவருடைய கைக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டேன். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததென்று கேட்காதீர்கள், பயத்தில் வந்ததுதான்.

ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. உள்ளே மூத்திர நாற்றம் கண்ணைக் கரித்தது. தண்ணீர்ச் செம்பு எட்டாத தூரத்தில் ஜன்னல் திட்டில் இருந்தது. ஐந்து கட்டில்களில் ஒருவராவது எழுந்து நடக்கக்கூடியவரா? இல்லை.

பெரியப்பாவின் இடது கையைக் கிழிந்த வேட்டித் துண்டால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். வலது கைதான் விளங்காதே... இருக்கிற ஒரு கையைக் கட்டியிருந்தார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற கம்பவுண்டரைப் பார்த்தார். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

"நல்லாப் பாத்துக்கிறாக ஆத்தா... நல்லாப் பாத்துக்கிறாக."

அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எழுதுகிற கை நின்றுவிடுகிறது.

"ட்யூபைப் பிடுங்கிப் போடுறாருக்கா, அதேன் கட்டி வச்சோம்" என்றார் கம்பவுண்டர்.

"எந்த ட்யூபு?"

அறையில் ட்யூப் எதுவும் இல்லை.

கட்டை அவிழ்த்தேன். மணிக்கட்டைச் சுற்றித் தழும்பு, பழையதும் புதியதுமாக. உதடு வெடித்திருந்தது. செம்பை எடுத்து வந்து வாயில் வைத்தேன். மூச்சு விடாமல் குடித்தார். பாதியில் நிறுத்தி, "இன்னங் கொஞ்சம் குடிச்சுக்கிடவா?" என்று அனுமதி கேட்டார். ஊரையே ஏசிய மனிதர், தண்ணீருக்கு! விரிப்பு நனைகிறதென்று இவர்கள் தண்ணீரே கொடுப்பதில்லை என்று அப்போதுதான் புரிந்தது. போர்வையை விலக்கி, அவரை ஒருக்களிக்க வைத்துப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். அதன் மேல் பவுடர்.

"இப்பவே கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றேன்.

"டாக்டர் கையெழுத்து இல்லாம அனுப்ப முடியாதுக்கா. வியாழக்கிழமை வாங்க."

வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். எல்லாவற்றையும் நான் பார்த்துவிட்டேன் என்று இந்த ஆளுக்குத் தெரியும். நான் போன பிறகு பெரியப்பா இவரோடுதானே இருக்க வேண்டும்? நான் தைரியசாலி இல்லை, பல்லியைப் பார்த்தால் கத்துகிறவள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெரியப்பாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். கம்பவுண்டர் கதவை ஒட்டி நின்றார். சிரிப்பு போய்விட்டது. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்படியொரு பயத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பட்டதில்லை.

நல்லவேளை, மெட்டில் மேகம் கூடியது. செல்லையா அண்ணன் என்னைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னத்தா, வெரசாக் கெளம்பு, மழை இறங்கிரும்..." என்றவர், கட்டிலைப் பார்த்து அப்படியே நின்றார். அவிழ்ந்து கிடந்த வேட்டித் துண்டைப் பார்த்தார். பெரியப்பாவைப் போர்வையோடு சுருட்டி இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டார்.

"கையெழுத்து..." என்றார் கம்பவுண்டர்.

"கையெழுத்துத்தானே? டாக்டரை மெட்டுக்கு வந்து போட்டுட்டுப் போகச் சொல்லு. நகருடா."

கிளம்பும்போது ராவுத்தர் என் முந்தானையைப் பிடித்தார். "எம் மகன்கிட்டச் சொல்லிரு தாயி." சொன்னோம். செல்லையா அண்ணன் மறுநாளே கம்பம் போய்ச் சொல்ல, அன்றைக்கே அவரை அழைத்துப் போய்விட்டார்கள். மீதி மூன்று கட்டில்கள்? அவர்களுடைய பிள்ளைகள் யார், எந்த ஊர் என்று அன்றைக்குக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. டாக்டருக்கு எழுதினேன். விசாரிப்பதாகப் பதில் வந்தது. அவ்வளவுதான். அந்த மூன்று முகங்களுக்கும் நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

எல்லா நர்சிங் ஹோமும் இப்படியா? இல்லை. பெற்ற பிள்ளையைவிட நன்றாகப் பார்க்கும் நர்சுகளும் ஆயாக்களும் எனக்குத் தெரியும். ஆனால் தயவுசெய்து, சொல்லிவிட்டுப் போகாதீர்கள்! நினைத்த நாளில், நினைத்த நேரத்தில் போங்கள். போர்வையை விலக்குங்கள். முதுகைத் திருப்பிப் பாருங்கள், கூச்சப்பட இதில் என்ன இருக்கிறது? ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, எப்படிக் குடிக்கிறார் என்று கவனியுங்கள். நீங்கள் கேள்வி கேட்கும்போது அவர் உங்களைப் பார்க்கிறாரா, கதவைப் பார்க்கிறாரா? எல்லாவற்றுக்கும் மேலே... நாள் முழுக்கச் சண்டை போட்டவர் திடீரென்று பச்சப்புள்ள ஆகிவிட்டார் என்றால் சந்தோஷப்படாதீர்கள். பயப்படுங்கள்.

மலையில் புண் ஆற நாலைந்து மாதம் பிடித்தது. வீட்டுக்காரரே கழுவி மருந்து போட்டார். ஒரு நாள் மெல்லக் கேட்டேன், "உங்கள அடிச்சாகளா பெரியப்பா?"

"யாரும் அடிக்கல ஆத்தா. நான்தேன் சேட்டை பண்ணினேன்."



மறுநாள் காலை, அவர் கட்டிலுக்கு மேலே இருந்த பலகையில் மருந்துப் பாட்டிலை எடுக்கக் கையை உயர்த்தினேன். படக்கென்று இடது கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் தூக்கி வளர்த்த பிள்ளை நான். என்னைப் பார்த்து...

அதற்குப் பிறகு அவர் இருந்த இரண்டு வருடமும் பலகையிலிருந்து எதை எடுப்பதானாலும் முதலில் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்: "பெரியப்பா, கையத் தூக்கப் போறேன்... மருந்து எடுக்கத்தேன்."