அப்பாவுக்கு முன்னால் வந்த முகம்

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். மென்பொருளில் இருக்கும் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. எந்த வரி எதைச் செய்யும் என்று இடம் பார்த்து வைத்திருக்கிறேன். குடவாசல் பக்கத்துக் கல்யாண மண்டபங்களின் எல்இடி திரைக்கு வீடியோ செய்து கொடுப்பது என் வேலை. நாலு பேர் முன்னால் நிற்கக் கூச்சப்படும் எனக்கு அது தோதான வேலை.

போன வருஷம் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு அவள் அம்மா வந்து கேட்டார். கணவர் குறுவை நடவு சமயத்தில் இறந்திருந்தார்.

"தாரை வாக்க எங்க அண்ணனும் அண்ணியுந்தான் மேடையில நிக்கிறாங்க தம்பி. நான் அவரோட சேந்து நிக்கப்போறது ஒங்க திரையில மட்டுந்தான்."

திரையில் அவர் படத்துக்குப் பக்கத்தில் கணவர் மெல்லத் தோன்ற வேண்டும். கூடவே விளக்கொளி பரவ வேண்டும். கிடைத்ததோ ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம். உடம்புக்கு யாரிடமும் போய்க் கேட்க வாய் வரவில்லை. வேட்டி சட்டையில் என்னையே படம் எடுத்தேன். என் முகத்தின் மேல் அவர் முகம், தோளில் ஒரு துண்டு, எல்லாவற்றுக்கும் மேல் ஒளி. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நான்கு லேயரையும் ஒரே குரூப்பாக்கி மெல்லத் தோன்றவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை அம்மாவும் பெண்ணும் பார்க்க வந்தார்கள். பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணே, அப்பா வர்றதுக்கு முன்னாடி நீங்க வர்றீங்களே!"

அம்மா சிரிக்கவில்லை. "ஊரே பாக்கும் தம்பி. அவரு மட்டும் வந்தாப் போதும்."

காதெல்லாம் சுட்டது. குரூப் மங்கும்போது உள்ளே ஒவ்வொரு லேயரும் தனித்தனியாக மங்கியிருக்கிறது. அவர் முகம் பாதி தெரியும்போது அதன் வழியே என் முகமும் தெரிந்துவிட்டது. என் தலையை அழித்தேன். அப்போதும் துண்டின் வழியே சட்டைப் பொத்தான் தெரிந்தது. பிறகுதான் குரூப்பை ராஸ்டரைஸ் செய்தேன்: உள்ளே இருப்பதையெல்லாம் முதலில் ஒரே படமாக்கி, அந்த ஒரு படத்தை மங்கவைப்பது. அவர் முழு ஆளாக வந்தார்.

அம்மா திரைக்கு அருகே வந்தார். "மொதல்ல எம் மொகமும் வெளிச்சமாச்சே. இப்ப மஞ்சப் புகை அடிச்ச மாதிரி இருக்கு."

நான் அதைக் கவனிக்கவேயில்லை. கீழே இருப்பதோடு கலந்து அதைப் பிரகாசமாக்குவதுதான் அந்த ஒளி லேயரின் வேலை. ஒரே படமானபின் குரூப்புக்கு வெளியே எதோடும் அது கலக்காது. வெறும் நிறமாக மேலே படியும். ஒளியை மட்டும் குரூப்பிலிருந்து வெளியே எடுத்து, இருவருக்கும் மேலே வைத்தேன். அம்மா இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

மறுநாள் மண்டபத் திரையில் அம்மா பக்கத்தில் அவர் வந்தார். வெளிச்சம் இரண்டு முகத்திலும் விழுந்தது.

"மச்சானுக்குத் தோளு எப்ப இவ்ளோ அகலமாச்சு?" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

நான் தோளைக் குறுக்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனேன். அம்மா திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.