பாதியில் நின்ற முகம்

டிஸ்க் பெட்டியில் ஆரஞ்சு விளக்கு எரிந்தால் ஒரு டிஸ்க் செத்துவிட்டது என்று அர்த்தம். திருநெல்வேலி டவுணில், ஒரு மாடியில் இருந்த கல்யாண வீடியோ ஸ்டுடியோவில்தான் அதை முதலில் பார்த்தேன். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. எடுத்த கல்யாணம் ஒன்றைக்கூட அழிக்காமல், எட்டு டிஸ்க் போட்ட பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றவை காப்பாற்றிவிடும் என்று விற்றவன் சொன்னதை நம்பி, தனியாக நகல் எதுவும் வைக்கவில்லை. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆவணி முகூர்த்த நெரிசலில் ஒரு டிஸ்க் செத்தது. புதிதாக ஒன்றைப் போட்டேன். செத்ததில் இருந்ததையெல்லாம் புதியதில் திரும்ப எழுதும் வேலையைப் பெட்டியே பின்னணியில் செய்துகொள்ளும், ரீபில்ட் என்போம். அதற்கு எவ்வளவு முன்னுரிமை என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும். கூட்டி வைத்தால் சீக்கிரம் முடியும், ஆனால் வீடியோ திக்கித் திக்கி ஓடும். குறைத்தால் வீடியோ நன்றாக ஓடும், ரீபில்ட் இழுத்துக்கொண்டே போகும். அதற்குள் இன்னொரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. நான் கூட்டித்தான் வைத்திருந்தேன்.

ஆனால் அண்ணாச்சிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. படியேறி வந்தவரைக் காக்க வைக்கக் கூடாது. மோர் கொடுத்து உட்கார வைப்பதுகூட அவர் கணக்கில் காக்க வைப்பதுதான். அன்று மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் கல்யாணத்துக்கு அண்ணாச்சியே கேமரா பிடித்திருந்தார். கொடுத்த பென்டிரைவ், ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது போய்விட்டது. இப்போது அவள் தகப்பனாரும் போய்விட்டார். போட்டோவுக்கு நிற்கவே கூச்சப்படும் மனிதராம். வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை.

"வாப்பா மொகத்த ஒருக்கா பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்றாள்.

நாளைக்கு வரட்டுமே, ரீபில்ட் முடியட்டும் என்றேன். அண்ணாச்சி காதிலேயே வாங்கவில்லை. "அழுதுகிட்டு வந்த பிள்ளையத் திருப்பி அனுப்பச் சொல்லுதியாலே? படம் திக்காம ஓடணும். அதக் கொறைச்சு வை." பெட்டி அவருடையது, படமும் அவருடையது. குறைத்தேன்.

படம் தங்கு தடையில்லாமல் ஓடியது. பந்தல், பிரியாணி தேக்சா, குறுக்கே ஓடும் பிள்ளைகள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு முதுகு தெரிந்ததும் அவள் எழுந்துவிட்டாள். யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். அவர் கேமரா பக்கம் திரும்பத் தொடங்கினார். காதும் கொஞ்சம் தாடியும் தெரிந்தன. அப்படியே படம் நின்றது. பெட்டியைப் பார்த்தேன். இன்னொரு டிஸ்க்கிலும் ஆரஞ்சு விளக்கு.

குறைக்காமல் இருந்திருந்தால் தப்பியிருக்குமா? தெரியாது. கூட்டி வைத்த சுமையிலேயே அந்த டிஸ்க் போயிருக்கவும் கூடும். செத்த டிஸ்க்கிலிருந்து படங்களை மீட்டுத் தருபவர்களுக்குச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்தோம், அவர்களும் கைவிரித்துவிட்டார்கள். சேதி கேட்டு வந்தவள் அழவில்லை, திட்டவுமில்லை. அது எனக்கு இன்னும் தாங்க முடியாமல் இருந்தது.

"நீங்கதானே எடுத்தீய. வாப்பா திரும்பிப் பாக்கையில எப்படி இருந்தாவ அண்ணாச்சி?"

அண்ணாச்சி தயங்கவே இல்லை. "சிரிச்சாவ தாயி. வாய்நெறையச் சிரிச்சாவ."

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவள் தெருவைத் தாண்டும் வரை அண்ணாச்சி ஜன்னலோரம் நின்றார். "எத்தன கல்யாணம் எடுத்திருக்கேன். அந்த மனுசன் மொகமே எனக்கு ஞாபகம் இல்லலே" என்றார்.

இப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருக்கிறேன். இன்று காலை இங்கேயும் ஒரு டிஸ்க்கில் அந்த விளக்கு. புதியதைப் போட்டு, முன்னுரிமையைக் கூட்டி வைத்தேன். படம் திறக்க நேரமாகிறதென்று டாக்டர் சத்தம் போடுகிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா, "எம் மவன் படம் வந்துட்டா ஐயா?" என்று கேட்டபடி நிற்கிறார். என் இடத்தில் அண்ணாச்சி இருந்தால் யோசித்திருக்கவே மாட்டார். நான் மவுஸில் கைவைத்தபடி, குறைக்கவும் முடியாமல் அப்படியே விடவும் முடியாமல், அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.