தடைக்காலத்து ஊழியர்கள்

நான் தற்காலிக மேற்பார்வையாளராகச் சேர்ந்தது, விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் ஒப்பந்த நிறுவனத்தில். தொற்றுக் காலத்தில் அது பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. விமானங்கள் திரும்பின, ஆட்கள் திரும்பவில்லை.

"பத்துப் பேரைப் புடிச்சுட்டு வாம்மா. மூணு மாசம் நின்னாங்கன்னா உன் வேலை நிரந்தரம்" என்றார் மேலாளர்.

காரைக்கால்காரியான எனக்கு எங்கள் ஊர் மீனவர் குப்பமான பட்டினச்சேரி நினைவுக்கு வந்தது. மீன்பிடித் தடைக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. விசைப்படகுகள் கரையில் கிடந்தன. ஓரிடத்தில் ஆள் இல்லை, ஓரிடத்தில் வேலை இல்லை. இரண்டையும் இணைப்பது சமூகக் கடமை என்று மனமார நம்பினேன். படகோட்டி அண்ணன் ஒருவர் தலைமையில் பத்துப் பேர் என்னுடன் பஸ் ஏறினார்கள்.

முதல் நாளே அண்ணன் விமானத்தின் வயிற்றுக்குள் எட்டிப்பார்த்து அலறினார். "எல்லாத்தையும் வால்ல கொட்டாதீங்கடா, மூக்கு தூக்கிக்கும்!" பக்கத்தில் நின்ற பொறியாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஐஸ் பெட்டியைக் கைமாற்றுவதுபோல் வரிசையாக நின்று ஏற்றினார்கள். ஒரு சூட்கேஸ்கூட உடையவில்லை. மேலாளர் என்னை நிரந்தர ஊழியரைப் போலவே நடத்தத் தொடங்கினார்.

ஜூன் நடுவில் ஒரு காலை, ஒருவரும் வரவில்லை. பத்து நுழைவு அட்டைகளும் வலைநூலால் கட்டப்பட்டு என் மேசையில் இருந்தன.

பட்டினச்சேரிக்கு ஓடினேன். அண்ணன் தன் ஆட்களோடு படகில் டீசல் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சொல்லாம வந்துட்டீங்களே?"

"தடை முடிஞ்சுபோச்சு தங்கச்சி. ஊருக்கே தெரியுமே."

"மூணு மாசம்னு சொன்னேனே!"

"சொன்னீங்க. படிச்ச புள்ள, தடைய நீட்டிக்க ஏதோ ஏற்பாடு பண்ணிருக்கீங்கன்னு நெனச்சோம்."

படகே சிரித்தது. முதுகலையில் நான் எழுதிய ஆய்வேடு தடைக்காலமும் மீனவர் வாழ்வும் பற்றியது. தடை அறுபத்தொரு நாள் என்பது அதன் முதல் பக்கத்திலேயே உண்டு.

கெஞ்சலாமா என்று யோசித்தேன். தடைக்குப் பிறகான முதல் மீன்பாட்டைப் பத்துக் குடும்பங்கள் இழக்க, எனக்கொரு நிரந்தர வேலை. வாய் வரவில்லை.

"அடுத்த ஏப்ரல்ல கூப்புடுங்க. கார்டு மட்டும் பத்திரம்" என்றார் அண்ணன்.

நடந்ததை மேலாளரிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் நாட்காட்டியைப் புரட்டினார்.

"அடுத்த தடை எப்போ?"

"ஏப்ரல்ல சார்."

"அதுவரைக்கும் நீயும் தற்காலிகந்தான். நாளைக்கு ஆள் இல்ல, நீயே ஏத்து."

ஏற்றினேன். வாலில் கொட்டவில்லை.